பாதைக்கு முன் பட்டியல் வரட்டும்

மத்திய அதிவேகப் பாதையின் நான்காம் கட்டம் குருநாகலிலிருந்து தம்புள்ளைக்கு வர வேண்டும் என்பது திட்டம். மரக்கறி லொறிகள் இரவு பகலாக வந்துபோகும் இந்நகருக்கு அப்பாதை தேவைதான். பொருளாதார மத்திய நிலையத்துக்கு வந்துசேருமுன் நசுங்கி வீணாகும் தக்காளிக்கு யார் பதில் சொல்வது என்று விவசாயி கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. பாதையை நாம் எதிர்க்கவில்லை. அளவைக் கட்டைகள் இறங்குமுன், அந்தத் தடத்தில் வளரும் தாவரங்கள் பதிவாக வேண்டும் என்கிறோம்.

இதே பாதையின் முதற் கட்டத்தில் நடந்ததை நாடு மறந்திருக்க முடியாது. இலங்கைக்கே உரிய, அவரைக் குடும்பத்து மரமான குருடியா செலானிக்காவை 2012ஆம் ஆண்டின் தேசிய சிவப்புப் பட்டியல் அழிந்துபோனதாக அறிவித்தது. 2019இல் அது கம்பஹா மாவட்டத்தின் தரளுவையில் உயிரோடு கண்டறியப்பட்டது. 2021 பெப்ரவரியில் அதையே பாதைக்காக வெட்ட ஏற்பாடாயிற்று. பொதுமக்களும் சூழலியலாளரும் குரல் எழுப்பிய பிறகே அதிகாரிகள் தயங்கினர்.

இல்லை என்று எழுதிவைத்த மரத்தை எந்த மதிப்பீடு தேடும்? அது நின்றதோ சரணாலயத்தில் அல்ல, மக்கள் நெருங்கி வாழும் ஊரில். அதே சிவப்புப் பட்டியல் ஆராய்ந்த 3,150க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்களில் 1,380க்கும் மேலானவை அச்சுறுத்தலில் இருந்தன. அவை எல்லாம் வேலி போட்ட காட்டுக்குள் மட்டும் இருக்கும் என்று நம்புவது அசட்டுத்தனம்.

'ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம்' என்பது வழக்கமான பதில். அதற்கு மறுப்பு தம்புள்ளையிலேயே, கண்டலம வீதியோரம் இருக்கிறது. சாம் பொப்ஹாம் என்ற ஆங்கிலேயர் 1963இல் இங்கே காடு வளர்க்கத் தொடங்கினார். நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை தேறவில்லை. முட்புதரை மட்டும் களைந்து, தானாக முளைத்த கன்றுகளுக்கு வெளிச்சமும் இடமும் கொடுத்தபோதுதான் காடு எழுந்தது. இன்று அது அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பொறுப்பில் உள்ள மரச்சோலை. மண்ணில் கிடக்கும் விதையும் பக்கத்தில் நிற்கும் தாய்மரமும் இருந்தால்தான் அவ்வழி பலிக்கும். தாய்மரத்தைச் சாய்த்துவிட்டு நாற்றுப்பையை நீட்டுவதால் பயனில்லை.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கான களஆய்வு வறட்சியில் ஒரு முறையும் மாரிமழைக்குப் பின் ஒரு முறையும் நடக்க வேண்டும். மழையோடு முளைத்துப் பூத்து மறையும் சிறு செடிகள் கோடையில் கண்ணில் படா. கிடைக்கும் பட்டியலைப் பேராதனைத் தாவரவியலாளர் சரிபார்த்து, சிங்களத்திலும் தமிழிலும் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அருகிவரும் இனம் தடத்தில் இருந்தால் தடம் விலக வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இதனால் சில மாதங்கள் தாமதமாகலாம். ஆனால் புல்டோசர் வந்த பிறகு விழித்துக்கொண்டு வேலையை நிறுத்துவதைவிட அது மலிவு. காகிதத்தில் இருக்கும்போது பாதையை வளைக்கலாம். இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் வளராத ஓர் இனம் இங்கே அழிந்தால், அதை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.