இத்தாலிய நத்தாரும் நம்மவர் முகச்சுளிப்பும்

டிசம்பர் பிறந்ததும் கொழும்பிலே இரண்டு விதமான சத்தங்கள் எழுகின்றன. ஒன்று, நட்சத்திர ஹோட்டல்களின் 'இத்தாலிய நத்தார் இராப்போசனம்' பற்றிய விளம்பரச் சத்தம். மற்றையது, அதைக் கண்டதும் வெள்ளவத்தையில் எழும் முணுமுணுப்பு: "தமிழனுக்கு ஏன் இந்த இத்தாலிக்காரன் கூத்து?"

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இந்த முணுமுணுப்பு ஆண்டுதோறும் கடிதமாக என் மேசைக்கு வந்து சேரும். நத்தார் மலர் எதற்கு, அதிலே மேலைநாட்டுப் பலகாரக் குறிப்பு எதற்கு என்று கேட்டிருப்பார்கள். இப்பொழுது அதே கேள்வி கைத்தொலைபேசியில் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கதிரையில் அமர்ந்து, மேசையிலே பாணை வைத்துத் தின்றுகொண்டுதான் கேட்கிறார்கள். கதிரை, மேசை, பாண் மூன்றுமே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். நத்தாரும் அவ்வாறே.

சரி, இத்தாலி நமக்கு அந்நியந்தானா? யேசு பாலனின் பிறப்பைத் தமிழிலே பெருங்காப்பியத்துள் வைத்துப் பாடியவர் இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்த பெஸ்கி, அதாவது நமது வீரமாமுனிவர். சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணியிலே 3,615 பாடல்கள் உள்ளன. சதுரகராதியைத் தொகுத்தவரும் அவரே. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையும் வைத்தோம். இத்தாலியர் தந்த அகராதி தமிழாகிவிட்டது. இத்தாலியர் தந்த பண்டிகை மட்டும் கூத்தாம்!

பாலன் குடிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1223ஆம் ஆண்டு நத்தார் இரவில், கிரெச்சோ என்ற மலைக்கிராமத்திலே அசிசி நகர்ப் பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஓர் எருதும் ஒரு கழுதையும் கொண்டு பெத்லகேம் தொழுவத்தை மக்களின் கண்முன் நிறுத்தினார். எழுத்தறியாத குடியானவர்களுக்காக, ஏழ்மையை விரும்பி ஏற்ற ஒருவர் செய்த காரியம் அது. எண்ணூறு ஆண்டுகள் கழிந்து கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலே பிள்ளைகள் வைக்கோலையும் கசக்கிய கடதாசியையும் கொண்டு அதையே செய்கிறார்கள். நமது பாடசாலைகளின் ஒளி விழா மேடையிலும் அந்தத் தொழுவந்தான் நிற்கிறது. கொழும்பிலே இத்தாலிய நத்தாரைப் பார்க்க விரும்புகிறவர் பற்றுச்சீட்டு வாங்கத் தேவையில்லை.

அதே கொட்டாஞ்சேனையிலே வானளாவ நிற்கும் பேராலயம் யாருடைய பெயரில் இருக்கிறது? சிசிலித் தீவின் சிராக்கூசாவிலே நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதசாட்சியாக மரித்த லூசியாவின் பெயரில். 1870களில் அதன் கட்டடப் பணியைத் தொடக்கியவர் ஆயர் இலாரியோன் சில்லானி. இத்தாலியர், சில்வெஸ்திரின் சபைத் துறவி. டிசம்பர் 13 அப்புனிதையின் திருநாள். அன்று பலெர்மோ நகரத்தார் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். ஊறவைத்து அவித்த கோதுமையை 'குச்சியா' என்ற பெயரில் உண்பார்கள். 1646ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே தானியக் கப்பல் கரைசேர்ந்தபோது, மாவாக அரைக்கவும் பொறுமையின்றி அவித்தே உண்டார்களாம். (பலெர்மோவும் சிராக்கூசாவும் அக்கப்பல் தத்தம் துறைமுகத்துக்கே வந்ததாகச் சண்டைபிடிப்பது வேறு கதை.) தயிர்போன்ற பாற்கட்டியும் சீனியும் சேர்ந்த அந்தக் கோதுமையைச் சர்க்கரைப் பொங்கல் உண்ட நாவுக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டுமா?

பண்பாட்டுக் காவலர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டியாக வேண்டும். லூசியா பேராலயத்துக்கு அண்மையில், கொச்சிக்கடையிலே பாதுவா நகர் அந்தோனியாரின் திருத்தலம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்றுவோரில் திருநீறு அணிந்தவர்கள் எத்தனை பேர் என்று போய்ப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தது அந்தத் திருத்தலத்திலேதான். மாண்டவர்களிலே தமிழர் பலர். அவ்வாண்டு நத்தார்த் திருப்பலிகள் படையினரின் காவலோடு நடந்தன. பிறருடைய பண்டிகையில் மகிழ்ந்து கலந்துகொள்ளும் வழக்கத்தைக் குண்டு வைத்தவனால் அழிக்க முடியவில்லை. அதை முகச்சுளிப்பால் அழிக்க நம்மவரே முயல்வதைத்தான் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

ஹோட்டல்காரர்களையும் நான் வாழ்த்தப்போவதில்லை. வைக்கோலில் தொடங்கிய விழாவை வெள்ளித் தட்டிலே வைத்து விலைசொல்வது அவர்களது வியாபாரம். வசதியுள்ளவர் போய் உண்டு மகிழட்டும். அதிலே எனக்குப் பொறாமையில்லை. ஆனால் அந்த விலைப்பட்டியலைக் காட்டி, இத்தாலிய நத்தார் என்பதே பணக்காரச் சங்கதி என்று வாதிடுவோருக்கு நான் பலெர்மோவைக் காட்டுவேன்.

1980களிலிருந்து நம்மவர் அந்நகரில் வாழ்கின்றனர். பெல்லெகிரினோ மலைமீதுள்ள புனித ரொசாலியாவின் குகைக்கோவிலுக்குக் கத்தோலிக்கரோடு சைவரும் ஏறிப்போய் நேர்த்தி வைக்கிறார்கள். அவர்களிற் பலர் இத்தாலியர் வீடுகளைக் கூட்டித் துடைப்பவர்கள், முதியவர்களைப் பராமரிப்பவர்கள். இத்தாலியக் குடும்பம் நத்தார் விருந்துக்கு அமரும்போது அடுக்களையில் நிற்பது யாழ்ப்பாணத்துப் பெண்ணாகவும் இருக்கக்கூடும். அவள் இரவு பகலாக உழைத்து அனுப்பும் யூரோவிலே வாடகை கட்டுகின்ற மாடிவீடுகள் வெள்ளவத்தையிலும் உண்டு. பணத்தோடு சில வேளைகளில் ஒரு பெட்டியும் வரும். உள்ளே உலர்ந்த முந்திரிகை போட்ட மிலான் நகரத்துப் பனெத்தோனே.

"இத்தாலிக்காரன் கூத்து" என்று முணுமுணுப்பவர்களே, அந்தப் பனெத்தோனேயை யார் தின்றது?