படித்துப் பார்க்காமல் பதிவிடலாமா?

‘முன்னால் அமைச்சர் மரனம். ஆழ்ந்த இறங்கலை தெரிவித்து கொள்கிறோம்.’

இணையத்தில் தமிழ் படிக்கும் எவருக்கும் இந்த மாதிரி வரிகள் புதியவை அல்ல. ஏழே சொற்கள், ஐந்து பிழைகள். ‘முன்னாள்’ என்பது ‘முன்னால்’ ஆனதும், பதவியில் இருந்தவர் என்ற பொருளே போய்விட்டது. ‘மரணம்’ தன் மூன்று சுழியை இழந்துவிட்டது. ‘இரங்கல்’ என்ற துக்கச் சொல், மேலிருந்து கீழே வருவதைக் குறிக்கும் ‘இறங்கல்’ ஆகிவிட்டது. கடைசி இரண்டு இடங்களில் வர வேண்டிய ‘த்’, ‘க்’ இரண்டையும் காணோம். செய்தி என்ன என்பது புரியத்தான் செய்கிறது. ஆனால், படித்து முடிப்பதற்குள் எழுதியவரைப் பற்றி வாசகர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். ஒரு சாவைப் பற்றி எழுதும்போதுகூட இவர் ஒருமுறை படித்துப் பார்க்கவில்லை என்பதே அந்த முடிவு.

அது நியாயமான முடிவா? எழுதியவர் யார் என்பதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் துக்கத்தோடு கைப்பேசியில் தட்டிய வரி என்றால், அதில் ஒற்றுப்பிழை தேடுபவர்தான் தவறு செய்கிறார். அதே வரி ஒரு கட்சியின் அதிகாரபூர்வப் பக்கத்திலோ, செய்தி நிறுவனத்தின் தளத்திலோ வந்தால் கதை வேறு. அங்கே எழுதுவதற்கென்று ஆள் இருக்கிறார். பார்த்துத் திருத்த வழி இருக்கிறது. லட்சக்கணக்கானோர் படிப்பார்கள் என்பதும் தெரியும். இத்தனைக்குப் பிறகும் பிழை விழுகிறது என்றால் அதற்கு அறியாமை காரணமல்ல, அக்கறையின்மையே காரணம். வாசகர் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

வாசகர்கள் இப்படி எடைபோடுகிறார்கள் என்பது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்ட், ராபின் குயீன் இருவரும் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு வந்த பதில்கள் என்று சொல்லி, 83 பேரிடம் சில மின்னஞ்சல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலவற்றில் பிழையே இல்லை. சிலவற்றில் விரல் தடுமாறிய தட்டச்சுப் பிழைகள். சிலவற்றில் ஒரே ஒலியுள்ள ஆங்கிலச் சொற்களை மாற்றிப் போட்ட பிழைகள். பிழையோடு எழுதியவர்களுக்குக் குறைவான மதிப்பே கிடைத்தது. படித்தவர்களுடைய குணமும் இதில் சேர்ந்துகொண்டது. கலகலப்பாகப் பழகுபவர்கள் பிழையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனிமை விரும்பிகள் கடுமையாக மதிப்பிட்டார்கள். எளிதில் பிறரோடு இணங்கிப் போகாதவர்களுக்கு இலக்கணப் பிழை அதிகம் உறுத்தியது. முகம் தெரியாத ஒருவரோடு ஒரே வீட்டில் வாழலாமா என்ற கேள்விக்கான விடையைச் சில எழுத்துப்பிழைகள் அசைத்துவிட்டன.

நிறுத்தக்குறியும் இப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் மாணவர்களிடம் குறுஞ்செய்திகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் அழைப்புக்கு ஒரே சொல்லில் வந்த பதில், முற்றுப்புள்ளியோடு முடிந்தால் மனமில்லாமல் சொன்னதுபோலத் தோன்றியது. அதே பதில் கையால் எழுதிய சீட்டில் இருந்தபோது, புள்ளியால் எந்த வேறுபாடும் ஏற்படவில்லை. வாசகர் குறியை மட்டும் பார்ப்பதில்லை, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார். வணிகத்தில் இது காசாகவே தெரியும். பிரிட்டனில் இணைய விற்பனை நடத்திவந்த சார்ல்ஸ் டன்கோம், தன் தளம் ஒன்றில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திய பிறகு, வருகையாளர் ஒருவரால் கிடைக்கும் வருமானம் இரண்டு மடங்கானது என்று 2011-இல் பிபிசியிடம் சொன்னார். அது ஒரு வணிகரின் சொந்தக் கணக்குதான். ஆனால், பணம் கட்டப் போகிறவர் பிழையுள்ள பக்கத்தைக் கண்டு தயங்குவார் என்பதை நம்புவது கடினமல்ல.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. இன்றைய பேச்சில் பெரும்பாலோருக்கு ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. நகரத்துக்கும் னகரத்துக்கும் காதில் வேறுபாடு கேட்பதில்லை. ழகரம் பல ஊர்களில் ளகரமாகிவிட்டது. ஆகவே காது பிழையைக் காட்டிக்கொடுக்காது. ‘ரெண்டு சுழி, மூணு சுழி’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது, கேட்கும் ஒலியை நம்பாமல் எழுத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளத்தான்.

விசைப்பலகை அந்தப் பிடியையும் தளர்த்துகிறது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்ளும் முறைதான் பலருக்குப் பழக்கம். அதில் சிறிய ‘எல்’ தட்டினால் லகரம், பெரிய ‘எல்’ தட்டினால் ளகரம். ஷிப்ட் விசையை விரல் தவறவிட்டால் பள்ளி பல்லியாகிவிடும். சொற்களைப் பரிந்துரைக்கும் விசைப்பலகையிலோ ‘பள்ளி’, ‘பல்லி’, ‘பழி’, ‘பலி’ எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவசரத்தில் முதலில் நிற்பதன்மீது விரல் விழும். எழுத்துக்கு ஒரு விசை தரும் தமிழ்99 விசைப்பலகை 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாக வந்தது. அதில் பழகிய விரல் லகர ளகரத்தைக் குழப்பிக்கொள்வது அரிது. ஆனால், அதைப் பழகுவதற்கு முன்பே கைப்பேசி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதி இன்னொரு படி மேலே போய், மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாகக் கொட்டிவிடுகிறது. எங்கே நிறுத்துவது என்பதைப் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழுக்கு இந்த நிலை முன்பும் இருந்தது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலத் தெரியும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். காற்புள்ளியும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. ஓலை கிழியும் என்பதால் புள்ளி வைக்கவில்லை. அதற்கான விலையைப் படிப்பவர் தந்தார். அவரே மனத்துக்குள் புள்ளி வைத்து, சொல் பிரித்து, பொருள் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. அச்சு வந்த பிறகுதான் அந்த உழைப்பு படிப்பவரிடமிருந்து பதிப்பிப்பவருக்கு மாறியது. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்திய ஆறுமுக நாவலர் அதில் முன்னோடி. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகப் பயன்படுத்தியவர் அவர். பிழையில்லாத பதிப்பு என்றால் நாவலர் பதிப்பு என்று வாசகர்கள் தேடி வாங்கினார்கள். அந்தப் பெயர், அச்சுக்குப் போகும் முன் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த உழைப்பால் வந்தது.

இன்று கைப்பேசியில் தட்டி, படித்துப் பார்க்காமலே வெளியிடுபவர் அந்த உழைப்பை மீண்டும் வாசகர் தலையில் ஏற்றுகிறார். ஓலையில் எழுதியவருக்கு ஒரு காரணம் இருந்தது. இவருக்கு இல்லை.

பிழை எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘வேலை தேடினான்’ என்றால் பிழைப்புக்கு வழி தேடினான். ‘வேலைத் தேடினான்’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைத் தேடினான். ‘கீரைக் கடை’ என்பது கீரை விற்கும் இடம்; ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்வது. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது, ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. இந்த இடங்களில் ஒற்று பொருளையே மாற்றிவிடுகிறது. ‘மோர் குழம்பு’ என்று எழுதினால் பொருள் கெடுவதில்லை. கண்ணுக்குச் சற்று உறுத்தும், அவ்வளவுதான். ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ போன்றவை வேறு வகை. ட், ற் ஆகிய இரண்டு மெய்களுக்கும் பின்னால் அதே சொல்லில் இன்னொரு மெய் வராது என்ற ஒரே ஒரு விதி தெரிந்தால் இந்த வகைப் பிழை முழுவதும் ஒழியும். ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடியதை ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொள்ளாமல் எழுதும் ஊடகத்தை வாசகர் எப்படி மதிப்பார்?

எழுத்துப்பிழையைவிட ஆபத்தானது காற்புள்ளி இல்லாமை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த அமைச்சரின் தம்பி நேற்று வீடு திரும்பினார்.’ சிகிச்சை பெற்றது அமைச்சரா, தம்பியா? இதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பிழைதிருத்தும் மென்பொருள் எதுவும் இதைப் பிடிக்காது. ‘பெற்றுவந்த’ என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டால், படுத்திருந்தவர் தம்பி என்பது தெளிவாகிவிடும். ‘அமைச்சரின் தம்பி, மருத்துவமனையில் சிகிச்சை பெற்று நேற்று வீடு திரும்பினார்’ என்று மாற்றினால் ஐயத்துக்கே இடமில்லை. பெயருக்கு முன்னால் அடைகளை அடுக்கிக்கொண்டே போவது தமிழ் வாக்கியத்தின் இயல்பு. அதனால் எந்த அடை எந்தப் பெயருக்கு உரியது என்பதை எழுதுபவர்தான் காட்ட வேண்டும். அமைச்சர் நோயில் விழுந்தார் என்று ஒரு வாசகர் தவறாகப் புரிந்துகொண்டு நான்கு பேரிடம் சொன்னால், அதற்குப் பொறுப்பு வாசகருடையது அல்ல.

தெரிந்தே செய்வதும் உண்டு. ‘பிரபல நடிகர் காலமானார்?’ என்று தலைப்பிட்டு ஒரு கேள்விக்குறியைத் தொங்கவிடுவது கவனக்குறைவில் சேராது. பொய் என்று தெரிந்தால் தப்பித்துக்கொள்ள வைத்த கதவு அது. ஒரு வாக்கியத்துக்கு நான்கு வியப்புக்குறி போடுபவர், தன் செய்தியில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறார். வாசகர்கள் இதையெல்லாம் நன்றாகவே படித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை அதே பக்கத்தில் உண்மையான செய்தி வந்தாலும் வேறு இடத்தில் ஒருமுறை சரிபார்த்த பிறகே நம்புகிறார்கள்.

வாசகர் பக்கமும் தவறு நடக்கிறது. கனடாவில் வாழும் ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதைப் பார்த்து எழுத்துப்பிழை என்று நினைக்கும் தமிழ்நாட்டு வாசகர்கள் உண்டு. அது பிழையே அல்ல. ஆங்கில ஒலிகளைத் தமிழில் எழுத ஈழத்தில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். கரிசல் காட்டுப் பேச்சை அப்படியே எழுதிய கி.ராஜநாராயணன் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அந்த வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். பேச்சு நடையில் ஒருவர் எழுதினால் அவருக்கு இலக்கணம் தெரியாது என்று முடிவு கட்டுவது படித்தவர்களின் அவசரம். ‘வாழ்த்துகள்’ சரியா, ‘வாழ்த்துக்கள்’ சரியா என்று பிறந்தநாள் வாழ்த்துக்கு அடியில் சண்டை போடுவதும் அப்படித்தான். தமிழறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லாத ஒன்றுக்காக, வாழ்த்தியவரைத் தலைகுனிய வைப்பதால் தமிழ் வளராது. குடும்பத்தில் முதல் தலைமுறையாக எழுத வந்தவர், ஆங்கில வழியில் படித்துவிட்டு ஆசையோடு தமிழுக்குத் திரும்புபவர் ஆகியோரின் பிழைகளைத் தனியே சொல்லித் திருத்தலாம். ஊர் பார்க்கக் குத்திக்காட்டினால் அவர்கள் அடுத்த வரியை எழுத மாட்டார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் வாசகர்கள் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. ‘இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ போன்ற மோசடிச் செய்திகளைப் பலர் அவற்றின் எழுத்துப்பிழைகளை வைத்தே அடையாளம் கண்டார்கள். இனி அது உதவாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பிழையில்லாத வாக்கியங்களை நொடியில் எழுதித் தருகின்றன. மோசடிக்காரர்கள் கையிலும் அவை இருக்கின்றன. பிழையுள்ள பதிவு பொய்யாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை, பிழையில்லாத பதிவு உண்மையாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. ஒற்று சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது.

அப்படியானால் எழுதுபவர் ஏன் மெனக்கெட வேண்டும்? நம்பிக்கை பெறப் பிழையின்மை மட்டும் போதாது. ஆனால், நம்பிக்கையை இழக்கப் பிழை மட்டுமே போதும். வழிகள் கடினமானவை அல்ல. எழுதியதை வாய்விட்டுப் படித்தால் காற்புள்ளி எங்கே வேண்டும் என்பது தெரிந்துவிடும். ரகர றகரம் போன்ற வேறுபாடு மட்டும் வாய்க்கு அகப்படாது. அதற்குக் கண்தான் வேண்டும். சந்தேகம் வந்தால் அகராதி வேண்டும். நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய ‘வாணி’ என்ற மென்பொருள் எழுத்துப்பிழைகளையும் ‘நாவி’ என்ற மென்பொருள் சந்திப்பிழைகளையும் இலவசமாகவே சுட்டிக்காட்டுகின்றன. அ.கி.பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ என்ற நூல் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

தனிமனிதர்களுக்கு இவ்வளவு போதும். செய்தித் தளங்களிடம் கேட்க வேண்டியது வேறு. அச்சு நாளிதழில் மெய்ப்புப் பார்க்க ஆள் வைத்தவர்கள், இணையப் பதிப்புக்கும் வைக்க வேண்டும். முதலில் வெளியிடும் அவசரத்தில் அந்த ஒரு படியைத் தாண்டிப் போவதை வழக்கமாக்கக் கூடாது. பெயரோ தொகையோ பொருளோ மாறும் அளவுக்குப் பிழை நேர்ந்து, அதை ஒருவர் சுட்டிக்காட்டினால், சத்தமில்லாமல் மாற்றிவிட்டு நகர்ந்துவிடாமல், எது, எந்த நேரத்தில் திருத்தப்பட்டது என்று அந்தச் செய்தியின் கீழேயே ஒரு வரி போட வேண்டும். அச்சு இதழ்கள் திருத்தமும் வருத்தமும் வெளியிடுவது நெடுநாள் வழக்கம். இணையப் பதிப்புகள் அதை இன்றே தொடங்கலாம்.