தொலைபேசியில் வரும் தூண்டில்

"கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று?" என்பது நம் ஊரில் வழங்கும் பழமொழி. யாராவது ஏமாந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் நம் வாயில் முதலில் வருவது இதுதான். ஆனால் தொலைபேசி வழியே நடக்கும் ஏமாற்றுக்கு இப்பழமொழி பொருந்தாது என்பது என் தாழ்மையான கருத்து. அதைச் சொல்லிச் சொல்லியே நாம் ஏமாற்றுக்காரருக்கு உதவி செய்கிறோம் என்றுகூடச் சொல்வேன். எப்படி என்கிறீர்களா?

என் தந்தையார் ஒரு பழைய சரக்கு வண்டி வைத்திருக்கிறார். கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குக் கொண்டு செல்வார். ஒருநாள் காலை அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசிய பெண், வண்டியின் எண்ணைப் பிசகாமல் சொன்னார். "சார், உங்க வண்டி வாரண்டி இன்னியோட முடியுது. 2,999 ரூபாய் கட்டினா இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிச்சுத் தருவோம். சாயந்திரம் ஆறு மணி வரைக்கும்தான் டைம்" என்றார். சற்று நேரத்தில், பணம் செலுத்துவதற்கான கியூஆர் கோடும் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது.

அப்பா பணம் அனுப்பத் தயாராகிவிட்டார். அடுப்படியில் இருந்த ஆயாதான் கேட்டார்: "ஏண்டா, வண்டிய நமக்கு வித்தவரு சின்னசேலத்துல இருக்காரு. இவ யாரு நமக்கு உத்தரவாதம் தர்றதுக்கு?"

ஆயா பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். ஆயினும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். வாரண்டி என்பது, புதிய வண்டிக்கு அதைச் செய்த கம்பெனி இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர் என்று தரும் உறுதிமொழி. அதை நீட்டித்துத் தருவதும் அக்கம்பெனியோ அதன் விற்பனையாளரோதான். அதுவும் பெரும்பாலும் பழைய வாரண்டி முடிவதற்குள். எங்கள் வண்டியோ ஒன்பது வயதானது. மூன்றாம் கை மாறி வந்தது. இல்லாத வாரண்டியை எப்படி நீட்டிக்க முடியும்?

என் தந்தையார் அறிவில்லாதவரா? அல்லர். இதே வலையில் அமெரிக்க தேசமே சிக்கித் தவித்தது. 2021ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும், கார் வாரண்டி பற்றி ஒரே கும்பல் 500 கோடிக்கும் மேற்பட்ட தானியங்கி அழைப்புகளை 50 கோடிக்கும் மேற்பட்ட எண்களுக்கு விடுத்தது என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் கண்டறிந்தது. 2023 ஆகஸ்டில் அக்கும்பலுக்கு ஏறக்குறைய 30 கோடி டாலர் அபராதமும் விதித்தது. படித்தவர் நிறைந்த நாட்டிலேயே இந்நிலை என்றால், கள்ளக்குறிச்சியில் வண்டி ஓட்டுபவரை மட்டும் "புத்தி எங்கே போயிற்று" என்று கேட்பது நியாயமா?

வண்டி எண் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். நம் விவரங்கள் எத்தனையோ கைகளில் இருக்கின்றன. கடையில் கேட்டால் எண்ணைச் சொல்கிறோம். பரிசுக் கூப்பனில் எழுதிப் போடுகிறோம். வாகனப் பதிவு விவரங்களை மொத்தமாக நிறுவனங்களுக்கு விலைக்குக் கொடுக்கும் கொள்கையை மத்திய அரசே 2019இல் கொண்டுவந்து, தனிமனிதர் அந்தரங்கத்துக்கு ஊறு நேரும் என்ற கவலையால் 2020இல் கைவிட்டது. ஆகவே நம் பெயரும் எண்ணும் தெரிந்திருப்பதால் மட்டும் ஒருவர் உண்மையானவர் ஆகிவிட மாட்டார்.

தோழியரே! இந்தத் தூண்டிலுக்கு இரை பலவிதம். வண்டிக் காப்பீடு முடிகிறது என்பார்கள். போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸப்பில் ஒரு செயலியை அனுப்பி, அதைத் திறக்கச் சொல்வார்கள். உங்கள் மகளுக்குக் கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள் என்பார்கள். போலீஸ் உடையில் காணொளியில் தோன்றி, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எங்குமே இல்லை. இரை மாறினாலும் முள் ஒன்றுதான்: யோசிக்க விடாத அவசரம். "இன்றைக்குள்", "இப்பொழுதே", "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற சொற்கள் காதில் விழுந்தால், அங்கே முள் இருக்கிறது என்று அறிந்து கொள்ளலாம்.

இங்கே பெண்பிள்ளைகளாகிய நமக்குத் தனியாக ஓர் இடர் உண்டு. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே, எதிர்த்துக் கேட்காதே, மரியாதையாகப் பதில் சொல் என்று பழக்கப்பட்டவர்கள் நாம். நல்ல பழக்கந்தான். ஆனால் முகம் தெரியாத ஒருவர் அதிகாரக் குரலில் பேசும்போது, அந்தப் பணிவே நம்மைக் கட்டிப் போட்டுவிடுகிறது. பேச்சின் நடுவே இணைப்பைத் துண்டிப்பது மரியாதைக் குறைவு அன்று. வாசலில் நிற்கும் அந்நியருக்குக் கதவைத் திறக்காதிருப்பது போன்ற தற்காப்பே அது.

இதைவிடப் பெரிய இடர் வெட்கம். எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் அக்கா ஒருவர், உதவித்தொகை என்று வந்த அழைப்பை நம்பி, அம்மாவின் கணக்கிலிருந்து 18,000 ரூபாயை இழந்தார். கிழங்கு விற்று, கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணம் அது. அக்கா நான்கு நாட்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பணம் போனதைக் காட்டிலும், "உனக்கு எதற்குப் போன்? படித்தது போதும், வீட்டில் இரு" என்று சொல்லிவிடுவார்களே என்ற பயந்தான் அவர் வாயை அடைத்தது. ஐந்தாம் நாள் புகார் கொடுத்தபோது, பணம் கணக்கு மாறி, கணக்கு மாறி எங்கோ போய்விட்டிருந்தது.

உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லியிருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். நிதி மோசடிகளுக்கென்றே அமைந்த உதவி எண் அது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் பொன்னானது. 2017இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் இதையே வலியுறுத்தியது: வாடிக்கையாளரின் கவனக் குறைவால் பணம் போயிருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியையே சாரும். அப்படியிருக்க, நம் ஏச்சுக்குப் பயந்து ஒரு பெண் நான்கு நாட்கள் மௌனமாக இருந்தாள் என்றால், அந்த நான்கு நாட்களையும் திருடனுக்குக் கொடுத்தவர்கள் யார்? நாம் அல்லவா?

"பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்காவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று பெற்றோர் சிலர் சொல்லக்கூடும். அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் என் வீட்டில் அழைப்பு வந்தது அப்பாவுக்குத்தான். போனைப் பிடுங்கி வைத்தால் பிள்ளைகள் மறைக்கக் கற்றுக்கொள்வார்களே தவிர, பிழைக்கக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆகவே பெற்றோரை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்றே: உங்கள் மகள் வந்து, "அம்மா, தப்புப் பண்ணிட்டேன்" என்றால், முதலில் 1930ஐ அழையுங்கள், பிறகு வங்கியை அழையுங்கள். கோபத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாணவிகளாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை என்பதை வீட்டில் சொல்லிக் கொடுப்போம். வண்டிக்குக் காப்பீடு எதுவரை உள்ளது என்பதை, அரசின் பரிவாகன் தளத்தில் நாமே பார்த்துச் சொல்வோம். விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று 1909இல் பதிவு செய்து கொடுப்போம். அனுமதி பெற்ற விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தே வரவேண்டும்; சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வாரண்டி விற்பவர் விதியை மீறியவர் என்பதையும் எடுத்துச் சொல்வோம். மலையில் வீடும், இங்கே விடுதியுமாக இருக்கும் தோழியர், விடுமுறைக்குப் போகும்போது இச்செய்தியையும் உடன் கொண்டு செல்லட்டும்.

எங்கள் ஆயாவின் கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. அப்பா அதைத் திருப்பிக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். "இவர் யார் நமக்கு?" என்று கேட்கும் துணிவும், ஏமாந்தாலும் வீட்டில் சொல்லலாம் என்ற நம்பிக்கையும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வாய்க்குமானால், தூண்டில் போடுபவர் வெறுங்கையுடன்தான் திரும்ப வேண்டும். அந்தப் பழமொழியையோ, இனிக் கேட்டவரை நோக்கிச் சொல்லாமல், நெய் வடிகிறது என்று சொன்னவரை நோக்கித் திருப்புவோம்.