உதை விழுவது யார் மேல்?

"விழுவதும் உதைப்பதும் ஒரு நகைச்சுவையா? அறிவுடையோர் சிரிப்பதற்கு அதில் யாது உளது?" என வினவும் கூட்டம் ஒன்று நம்மிடையே உண்டு. அக்கூட்டத்தாருள் பெரும்பாலோர் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவர். அவருள்ளும் பலர் எம்மைப் போன்ற தோட்டத்துக் கிராணிமார். ஆதலின், பிறரைச் சாடுமுன் எம்மையே சாடிக்கொண்டு தொடங்குகிறோம்.

எம் தோட்டத்து மண்டபத்தில் ஓரிரவு வெள்ளைத் துணி கட்டி, சார்லி சாப்ளின் 1917-இல் எடுத்த 'தி இம்மிகிரன்ட்' என்னும் ஊமைப் படத்தைக் காட்டினார்கள். தரையில் அமர்ந்திருந்த லயத்து மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். நாற்காலியில் வீற்றிருந்த யாமோ, அருகே மானேஜர் இருந்தமையால், வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினோம். படம் விளங்காமல் அன்று. நன்கு விளங்கியதனாலேயே அடக்கினோம்!

அதில் என்ன காட்டினார்? ஏழைகள் கப்பலேறி அமெரிக்கா வருகின்றனர். சுதந்திர தேவியின் சிலை கண்ணுக்குத் தெரிகிறது. யாவரும் ஆவலோடு நோக்குகின்றனர். அக்கணமே அதிகாரிகள் கயிற்றை இழுத்து அம்மக்களை ஆட்டு மந்தைபோல் ஒடுக்குகின்றனர். நாடோடி சிலையை மீண்டும் ஒருமுறை ஐயத்தோடு பார்க்கிறான். பின்னர், அதிகாரியின் பின்புறத்தில் ஓர் உதை! முதலில் கயிறு, அதன் பின்பே உதை. இவ்வரிசையைக் கவனியாதார்தாம் அவ்வுதையைக் கீழ்த்தரம் என்பர். கப்பல் மேல்தட்டில் வந்து, பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவின் தொற்றுத் தடுப்பு முகாமில் அடைபட்டோரின் பேரர்களுக்கு அக்கயிற்றின் பொருளை யாரும் உரைக்க வேண்டுவதில்லை.

"இதற்கு மூளை வேண்டுமா?" என்பர். வேண்டும் என்கிறோம். பஸ்டர் கீட்டன் குழந்தைப் பருவம் முதலே பெற்றோருடன் மேடையேறி, தந்தை தூக்கி எறிய, அடிபடாமல் விழக் கற்றவர். 1920-இல் அவர் எடுத்த 'ஒன் வீக்' படத்தில், பெட்டிகளில் வந்த வீட்டின் எண்களை எதிரி மாற்றிவிட, புதுமணத் தம்பதி கட்டும் வீடு கோணிக் குலைகிறது. ஈற்றில் அது தண்டவாளத்தில் சிக்குகிறது. ஒரு ரயில் பக்கத்துப் பாதையில் போய்விடுகிறது. அப்பாடா என மூச்சு விடுமுன் எதிர்த் திசையில் வந்த மற்றொரு ரயில் வீட்டை நொறுக்குகிறது. ஒரு சொல்லும் பேசாது, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ஓர் ஏழையின் வீட்டுக் கனவு முழுவதையும் சொல்லிவிட்டார். கணக்குப் போடத் தெரியாதவன் செய்யும் வேலையா இது?

சாப்ளினோ, 1896-இல், ஏழு வயதில், லண்டன் லாம்பெத் ஏழையர் விடுதியில் தாயோடு தஞ்சம் புகுந்தவர். பசியை அவர் ஏட்டில் படிக்கவில்லை. 1917-இன் 'ஈஸி ஸ்ட்ரீட்' படத்திலே தெருவை நடுங்க வைக்கும் முரடன், தன் வலிமையைக் காட்ட விளக்குக் கம்பத்தையே வளைக்கிறான். அதே விளக்கை அவன் தலையில் கவிழ்த்து, வாயுவைத் திறந்து மயக்குகிறான் சிறிய நாடோடி. வலியவனின் வலிமையே வலியவனை வீழ்த்துகிறது.

ஆயினும் அக்காலப் படங்கள் எல்லாவற்றையும் யாம் போற்றோம். வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை எள்ளிய படங்களும் அன்று பல இருந்தன. அவற்றை வெறுக்கிறோம். அங்கும் விழுவதும் உதைப்பதும் உண்டே எனின், ஆம், உண்டு. உதை விழுவது யார் மேல் என்பதே வினா. 1912-இல் மாக் சென்னட் தொடங்கிய கீஸ்டோன் நிலையத்தின் படங்களில் இடறி விழுந்தவர் போலீஸ்காரர். இடறியது தடியும் தொப்பியும். ஏற்கெனவே விழுந்து கிடப்பவனை மீண்டும் உதைத்துச் சிரிப்பது நகைச்சுவை அன்று, கொடுமை.

"சிரித்தால் கூலி உயருமா?" என்பார் வேறு சிலர். உயராது. ஆனால் அஞ்சுகிறவன் கூலி உயர்வு கேட்கவும் மாட்டானே! அதிகாரத்தைக் கண்டு ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தவன், அதன் தொப்பிக்குள்ளும் ஒரு தலைதான் உண்டெனக் கண்டுகொள்கிறான். அன்று தரையில் இருந்தோர் இதைக் கண்டனர். நாற்காலியில் இருந்த யாம் கண்டும் மறைத்தோம்.

ஆகவே தோழர்களே! தோட்டந்தோறும் படிப்பகந்தோறும் இப்படங்களைக் காட்டுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும், பார்த்தபின், "யார் விழுந்தார்? ஏன் விழுந்தார்?" எனக் கேளுங்கள். படித்தோரே! உதட்டைக் கடியாதீர்கள். அடுத்த முறை திரை கட்டும்போது எமக்கு நாற்காலி வேண்டா. தரையிலேயே இடம் பிடித்துக்கொள்வோம்.