ரேடியேட்டர் சூடேறாவிட்டால்

நம் வீடுகளில் வெந்நீர் குளிப்பதற்கு. இங்கிலாந்து வீடுகளிலோ அது சுவரோரமாக ஓடி அறையைக் காய்ச்சுவதற்கும் ஆகும். பாய்லரில் சூடேறிய ஜலம் குழாய் வழியே அறைதோறும் உள்ள இரும்புத் தகட்டுப் பெட்டிகளில் புகுந்து, உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டு, மறுபடி பாய்லருக்கே திரும்புகிறது. அந்தப் பெட்டிக்குத்தான் ரேடியேட்டர் என்று பெயர். கதிர் வீசுவது என்று பொருள். ஆனால் அது செய்யும் காரியத்தில் பெரும்பங்கு தன்னைத் தொடும் காற்றைச் சூடாக்கி மேலே அனுப்புவதுதான். ஆகையால் அதன் முன்னே சோபாவை ஒட்டிப் போடுவது கூடாது.

பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ சில மாதங்கள் தங்க லண்டன் செல்லும் பெரியவர்கள் நம்மில் அநேகர். பகலில் தனித்திருக்கையில் ரேடியேட்டர் சில்லென்று கிடந்தால், கம்பளியைப் போர்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இந்தப் பொறுமை வேண்டாத பொறுமை. குளிர் தேசங்களில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வேண்டும் என்று 2018-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருக்கிறது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதற்கு மேலும் வேண்டியிருக்கலாம். குளிர் இரத்த அழுத்தத்தை ஏற்றக் கூடியது.

முதலில் மற்ற அறைகளின் ரேடியேட்டர்களையும் தொட்டுப் பாருங்கள். எல்லாமே குளிர்ந்திருந்தால் குற்றம் பாய்லரிடமோ, அதை ஏவும் தெர்மோஸ்டாட்டிடமோ, நேரக் கடிகாரத்திடமோ, பம்பிடமோ இருக்கும். ஒன்று மட்டும் என்றால், அதன் மேலும் கீழும் கையால் தடவிப் பார்த்தாலே வியாதி தெரிந்துவிடும்.

கீழே சூடு, மேலே குளிர்ச்சி என்றால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. பாய்லரை நிறுத்தி, ஜலம் ஆறும் வரை காத்திருங்கள். ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் ஒரு சிறு திருகு உண்டு. கீழே துணியைப் பிடித்துக்கொண்டு, அதற்குரிய சாவியால் இடப்புறமாகக் கால் சுற்று திருப்பினால் 'உஸ்' என்று காற்று வெளியேறும். ஜலம் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். திருகை முழுதும் கழற்றிவிடாதீர்கள். பிறகு பாய்லரின் அழுத்த முள்ளைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் அது சாதாரணமாக 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். குறைந்திருந்தால் ஜலம் ஏற்றியாக வேண்டும். காற்றை மட்டும் விட்டுவிட்டு இதை மறப்பவர்களே அதிகம்.

மேலே சூடு, அடியில் குளிர்ச்சி என்றால் இரும்பு துருப்பிடித்துக் கரிய சேறாகப் படிந்திருக்கிறது. அதைக் கழுவி வெளியேற்றுவது தொழிலாளியின் வேலை.

முழுதுமே குளிர்ந்திருந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். எண்கள் பொறித்த அதன் தலையை முழு அளவுக்குத் திறந்து வைத்து, பிறகு கழற்றினால் ஒரு சிறு ஊசி தெரியும். கோடை முழுதும் அசையாமல் கிடந்து அது ஒட்டிக்கொள்வதுண்டு. மரத்துண்டால் மெல்ல அழுத்தினால் உள்ளே போய்த் துள்ளி எழ வேண்டும். இடுக்கியால் பிடித்து இழுக்கவே கூடாது. ஊசி கையோடு வந்துவிட்டால் வெந்நீர் அறையெங்கும் பாயும்!

காஸ் பாய்லரின் மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். அங்கே அந்த வேலை 'காஸ் ஸேஃப்' பதிவேட்டில் உள்ளவர்களுக்கே உரியது. எரிதல் பழுதானால் எழும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற விஷவாயு. அதை அறிவிக்கும் மணிக் கருவி வீட்டில் இருக்கிறதா என்று போன முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.