முகம் தெரியாதவருக்கு ஒரு கார்டு: தேங்காய்ப்பட்டணத்திலிருந்து எழுதலாமே!

லைக் போட ஒரு நொடி போதும். முன்பின் தெரியாத ஒருத்தருக்குக் கைப்பட எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பணும்னா? அதுதான் 'போஸ்ட்கிராசிங்'. 2005-ல் போர்ச்சுகலில் தொடங்கியது. பதிவு செய்தால் ஏதோ ஒரு நாட்டு முகவரியும் ஓர் அடையாள எண்ணும் வரும். எண்ணைக் கார்டில் எழுதி அனுப்பணும். வாங்கியவர் அதைப் பதிந்ததும் உங்க முகவரி இன்னொருத்தருக்குப் போகும். கவனிங்க, உங்களுக்கு எழுதப்போவது நீங்க எழுதியவர் இல்லை, வேறு யாரோ! கணக்குப் பார்க்காத இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் சுவாரஸ்யமே.

சரி, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து என்ன அனுப்புவது? குமரி மாவட்டம் என்றாலே கார்டில் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலைதான். போதும். குழித்துறை தாமிரபரணி கடலில் கலக்கும் பொழிமுகத்தைப் போனில் படம் எடுத்து, கெட்டித்தாளில் பிரிண்ட் போட்டால் அதுவே கார்டு. பின்பக்கம், 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த ஊர் என்று ரெண்டு வரி. 50 காசு கட்டணம் உள்நாட்டுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக் கட்டணத்தை அஞ்சலகத்தில் கேட்டு ஒட்டணும்.

வீட்டு முகவரியை அந்நியருக்குக் கொடுப்பதா? நியாயமான பயம். அஞ்சல் பெட்டி எண் வாங்கிக்கொள்ளலாம்.

டென்மார்க்கில் அரசு அஞ்சல் நிறுவனம் 2025 முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. இங்கே தபால்காரர் இன்னும் வருகிறார், பேங்க் கவரும் நோட்டீஸுமாக. அந்தக் கட்டில் ஒரு ஃபின்லாந்து கார்டு இருந்தால், கொடுக்கும் முன் அவரும்தான் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்.