வீட்டுப் பத்திரமும் மேல்நாட்டுப் பட்டமும்



இறுதித் தேர்வு நெருங்கியதும் நம் விடுதியில் எழும் முதற் கேள்வி, "எந்த நாடு?" என்பதுதான். ஜெர்மனியா, அமெரிக்காவா, இங்கிலாந்தா என்று நள்ளிரவு கடந்தும் வாதிடுகிறோம். எதைப் படிக்க, யாரிடம் படிக்க, யார் செலவில் படிக்க என்ற மூன்று கேள்விகளை மட்டும் எவரும் கேட்பதில்லை. கேளாமல் இருந்தவர்களுள் நானும் ஒருவன்.

இரண்டு மாதங்களுக்கு முன் மேல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. இங்கே முடிக்கப்போகும் இயற்பியல் முதுகலைப் பட்டத்தின் மேல் மற்றொரு முதுகலைப் பட்டம்! செய்தி கேட்டு மகிழ்ந்த தந்தையார், மறுநாளே வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்விட்டார். ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது. தங்கையின் படிப்புக்கும் பெற்றோரின் முதுமைக்கும் உள்ள ஒரே பிடிமானம் அந்த வீடு. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுவாரம், இடம் வேண்டாமென்று எழுதிவிட்டேன்.

கோழை என்றனர் சிலர். மொழி தெரியாமல் தில்லிக்கு வந்து, முதற் குளிர்காலத்தை ஒரே கம்பளியில் கழித்த நமக்கு ஊர் விட்டு ஊர் போகவா அச்சம்? மேல்நாடு செல்லலாகாது என்பதன்று என் வாதம். பெற்றோரின் கூரையை அடகு வைத்து இரண்டாவது முதுகலைப் பட்டம் வாங்கப் போகவேண்டாம் என்பதே என் வாதம்.

அறிவியல் மாணவர்களுக்கு வேறு வழி உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடியாகிறது. கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ உதவுவதற்கு மாதத் தொகையும் கிடைக்கிறது. ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வாளர் பலர் சம்பளம் பெறும் பணியாளர்கள். அங்கேயே முதுகலை படிக்கச் செல்வோர் நிலை வேறு. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும் ஓராண்டுச் செலவுக்கு வங்கியில் பணம் முடக்கிக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல்! "அங்கே படிப்பு இலவசம்" என்று என்னிடம் சொன்ன முகவர், இதைக் கடைசியில்தான் சொன்னார்.

முன்னோர் எப்படிச் சென்றார்கள்? இராமானுஜன் 1913-இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-இல் அவர் கப்பலேறியபோது, ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையைச் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கியிருந்தது. சந்திரசேகர் 1930-இல் இந்திய அரசின் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் சென்றார். அதற்கு முன்பே, மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே, தம் ஆய்வுக் கட்டுரையை அங்கிருந்த ஃபௌலருக்கு அனுப்பியிருந்தார். கேள்வி முதலில், ஆசிரியர் அடுத்து, உதவித்தொகை அதற்கடுத்து, கப்பல் கடைசியில். "அவர்கள் மேதைகள் ஆயிற்றே!" என்பீர்கள். மேதைமை அவர்களுடையது, அந்த வரிசை நம் அனைவருக்கும் பொது.

"ஓராண்டு வீணாகாதா?" என்றும் கேட்பீர்கள். இங்குள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் கழியும் ஆண்டு எப்படி வீணாகும்? இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இராமன் எந்த மேல்நாட்டுப் பட்டமும் படித்துப் பெறாமல், கல்கத்தாவில் 1928-இல் செய்த கண்டுபிடிப்புக்குத்தான் நோபல் பரிசு பெற்றார். இங்கே கிடைக்காத படிப்பை நாடுவோரும், கடனின்றிச் செல்லும் வசதி படைத்தோரும் தாராளமாகச் செல்லட்டும். மற்றவர்கள் ஆழம் பார்த்தே காலை விடவேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்குக் காட்டும் ஊக்கத்தில் சிறிது இதற்கும் காட்டுவோம். மாதம் ஒரு மாலை, வெளிநாடு சென்ற மூத்த மாணவர்கள் தாங்கள் எழுதிய விண்ணப்பங்களையும், மறுக்கப்பட்ட கடிதங்களையும், உண்மையான செலவுக் கணக்கையும் இளையவர்க்குக் காட்டட்டும். முகவர் வீட்டு வாசலில் நிற்கும் நிலை பலருக்குத் தீரும்.

நான் இதுவரை மூன்று பேராசிரியர்களுக்கு, அவர்தம் கட்டுரைகளைப் படித்தபின், எழுதியிருக்கிறேன். ஒருவர் பதில் எழுதி, இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். விடை தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டுப் பத்திரம் பெட்டிக்குத் திரும்பிவிட்டது.